நாற்பத்தோராம் குழாய்

பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோ. தேறாது என்று உதட்டைப் பிதுக்கிய நர்சைப் பொய்யாக்கியது முதல் வெற்றி. ஆறு வயதில் டைபாய்டு, நாற்பது நாள் படுக்கை, எழுந்து நடந்தாள். கணக்கில் இரண்டு முறை கவிழ்ந்து, மூன்றாம் முறை பத்தாம் வகுப்பைத் தாண்டினாள். சோதனைக்கூடப் பயிற்சி ஒரு வருடம், வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். தண்ணீர் வாரியத்தில் பதினோரு இடங்களுக்கு நானூறு பேர் நின்ற வரிசையில், எந்தப் பெரிய மனிதரின் கடிதமும் இல்லாமல், ஒன்பதாவதாக உள்ளே போனாள். அதற்கப்புறம் ஒன்பது வருடம் தற்காலிக ஊழியர் என்ற பெயரோடு, ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வேலை செய்தாள்.

அக்கா இதையெல்லாம் வரிசை மாறாமல் விரல்விட்டுச் சொல்வாள். அவள் படித்தது எட்டாம் வகுப்பு. துணிக்கடையில் ரெடிமேட் உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக் கொடுப்பது வேலை. ஒரு தடவை வெட்டுவதற்கு மூன்று தடவை அளக்கிறவள். தங்கையைப் பற்றிச் சொல்லும்போதும் அதே அளவெடுப்புதான். ஒன்றே முக்கால் கிலோவை யாராவது இரண்டு கிலோ என்று சொல்லிவிட்டால் விடமாட்டாள்.

தங்கையை ஊரெல்லாம் கூப்பிடுவது மூக்கி என்று. மூக்கு ஒன்றும் பெரிதில்லை, மோப்பம்தான் பெரிது. மூன்று வீடு தள்ளிக் கேஸ் கசிந்தாலும் இவள் முகம் சுளிக்கும். பால் திரியப்போகிறது என்று பாலுக்கே தெரிவதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். முப்பத்துநாலு வயதிலும் அவளைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அக்காதான்.

மூக்கியின் வேலை, தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பது. காலை ஆறு மணிக்கு நீலக் கோட்டும் மரப்பெட்டியுமாகக் கிளம்புவாள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியை மூன்று முறை அலசி, கோடு வரைக்கும் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டு ஆட்டுவாள். தண்ணீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறத்தை, நிறங்களும் அளவுகளும் குறித்த வட்டத் தட்டோடு ஒப்பிட்டு அளவு சொல்ல வேண்டும். கடைசிக் குழாயிலும் பூஜ்யம் புள்ளி இரண்டுக்குக் குறையக்கூடாது என்பது வாரியத்தின் விதி.

மொத்தம் நாற்பத்தெட்டுக் குழாய்கள். வாரியத்தில் யாரும் தெருப்பெயர் சொல்லமாட்டார்கள், எண்தான். "பதினேழுல எவனோ வண்டிய வச்சி இடிச்சிட்டான்", "முப்பத்திரெண்டு அடைச்சிக்கிச்சி" என்பதுதான் அவர்கள் பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் மூக்கிக்கு அதே வாய்தான். "அக்கா, நாப்பத்தொண்ணுல ஒரு குடம் பிடிச்சிட்டு வரேன்" என்பாள். நாற்பத்தொன்று அவர்கள் தெருமுனைக் குழாய். அந்தப் பக்கத்துக் குழாய் வரிசையில் அதுதான் கடைசி.

வாரியத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. குழாயடியில் எடுத்த அளவைப் பென்சிலால்தான் ஏட்டில் எழுத வேண்டும். பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பேனாவால் எழுதி, பென்சிலை அழித்து, அடியில் தன் கையெழுத்தைப் போடுவார். தண்ணீர் பிடித்தவள் பெயர் அந்த ஏட்டில் எங்கேயும் வராது. வருகைப் பதிவுகூட டோக்கன் எண்தான்: இருநூற்று ஆறு.

"ஏன் சார் பென்சில்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டாள்.

"தப்பு வந்தா திருத்தணும்ல தாயி? பேனால எழுதிட்டா அப்புறம் அடிச்சித் திருத்தினா அசிங்கமா இருக்கும்."

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மறுபேச்சில்லாமல் லீவு கொடுப்பார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடம் ஒரு சலசலப்பும் இல்லாமல் ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை.

அதற்குள் நீரேற்று நிலையத்தில் குளோரின் கலக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. உதிரிபாகம் கேட்டு எழுதினார்கள். வரவில்லை. மறுபடி எழுதினார்கள். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தொட்டியில் ஊற்றிச் சமாளித்தார்கள். பக்கத்துக் குழாய்களுக்கு அது போதும். கடைசி வரைக்கும் போய்ச் சேரவில்லை. நாற்பத்தொன்றில் மாத்திரை போட்டால் தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது. மூக்கி பென்சிலால் 0.05 என்று எழுதுவாள், சில நாள் வெறும் பூஜ்யம். பதினோரு மணிக்கு அது பேனாவில் 0.2 ஆகிவிடும்.

மூன்று தடவை அவரிடம் சொன்னாள்.

முதல் தடவை, "பார்ட்டு வந்துரும், விடு" என்றார். இரண்டாம் தடவை, "கம்மின்னு எழுதினா மேலேருந்து யாரைக் கேப்பான்? மெஷினையா கேப்பான்? என்னைத்தான் கேப்பான்" என்றார். மூன்றாம் தடவை குரலைத் தாழ்த்தி, "உன் நிரந்தர ஃபைல் மேல போயிருக்கு. இந்த நேரத்துல ஏன் தாயி?" என்றார். அந்த மூன்றாவது அவள் வாயை அடைத்தது.

ஜனவரியில் அந்தத் தெருவில் பதினோரு வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்தது. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் மனைவி மூக்கியை வாசலில் மறித்துக் கேட்டார்.

"நீ அங்கதானே வேலை பாக்குற? தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு?"

"காய்ச்சிக் குடிங்கம்மா" என்றாள் மூக்கி.

"அதைக் கேக்கல. நல்லாருக்கான்னு கேட்டேன்."

"காய்ச்சிக் குடிங்கம்மா."

வீட்டுக்குள் வந்தவள் அன்று சாப்பிடவில்லை. அக்கா கேட்டதற்கு, பசியில்லை என்றாள். பசியில்லை என்று அவள் சொன்னால் ஏதோ தொண்டையில் நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட ஹாலில் தெருக்காரர்கள் கூட்டம். வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் வந்திருந்தார். மூக்கி டியூட்டி முடிந்து நேராக வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்கா பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பொறியாளர் நல்ல பேச்சுக்காரர். வெளியில் வாங்கித் தின்பதைச் சொன்னார், கை கழுவாததைச் சொன்னார், கடைசியில் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, நாற்பத்தெட்டுக் குழாய்களிலும் தினமும் அளவு சரியாக இருப்பதாகச் சொன்னார். தபால்காரர் மனைவி திரும்பி மூக்கியைப் பார்த்தார். 

மூக்கி எழுந்துவிட்டாள்.

"நாப்பத்தொண்ணுல கலரே வரல சார்."

ஹாலில் யாருக்கும் புரியவில்லை. "நாப்பத்தொண்ணா? அது என்னம்மா கணக்கு?" என்றார் மளிகைக்கடைக்காரர். புரிந்த ஒரே ஆள் பொறியாளர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாளை மெதுவாக மடித்தார்.

"நம்ம தெருமுனைக் குழாய்" என்றாள் மூக்கி. சொன்ன பிறகுதான், தான் எந்த வாயால் பேசினோம் என்பது அவளுக்கு உறைத்தது. தெருக்காரி யாரும் அந்தக் குழாயை எண் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அந்த எண் இருப்பது வாரியத்தின் ஏட்டில் மட்டும்.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. குற்றம் மூன்று. அனுமதியில்லாமல் பொது இடத்தில் வாரிய விஷயம் பேசியது. வாரிய ஏட்டில் உள்ளதை வெளியே சொன்னது. மக்களிடம் பீதி கிளப்பியது. ஏழு நாளில் எழுத்திலோ நேரிலோ பதில் சொல்ல வேண்டும். கூடவே தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார் சூப்பர்வைசர். 'நான் விவரம் புரியாமல் பேசிவிட்டேன். நான் சொன்ன அளவு தவறானது. மன்னிக்கவும்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டா இதோட முடிஞ்சிது. உன் ஃபைலும் நகரும். போடலன்னா தற்காலிகம்தானே, ஒரு தாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது தாயி."

வீட்டில் அக்கா அந்தக் கடிதத்தை இரவல் துணியைத் தொடுவதுபோல இரண்டு விரலால் பிடித்துப் படித்தாள். அக்கா புருஷன் பஸ் டிரைவர், அவரும் அரசாங்கச் சம்பளம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்க டிப்போல பிரேக் புடிக்கலன்னாகூட வெளில சொல்ல மாட்டோம். பயணிகிட்ட சிரிச்சிக்கிட்டே ஓட்டுவோம்."

"அதான் உங்க வண்டில நான் ஏறுறதில்ல மாமா" என்றாள் மூக்கி.

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒன்பது வருஷம், ஒரு கையெழுத்து. போட்டுட்டு வேலையப் பாரு."

"தப்புன்னு எழுதிருக்கு மாமா. நான் சொன்ன அளவு தப்பில்லையே."

"அளவாம் அளவு! சோறு போடுமா அளவு?"

 மறுநாள் அக்கா, புருஷனுடைய தொழிற்சங்க ஆபீசிலிருந்து அரசு ஊழியர் விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் செய்தாள். இருநூற்றுப் பத்துப் பக்கம். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அந்த எழுத்து கரடுமுரடாக இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். புரியாததைக் கடையில் கணக்கெழுதுகிற பெண்ணிடம் கேட்டாள். வேண்டிய பக்கங்களில் வண்ண நூல் வைத்தாள்: சிவப்பு நூல் பாதகம், பச்சை நூல் சாதகம். முதல் மூன்று நாள் புத்தகத்தில் ஒரே சிவப்பாக இருந்தது. நாலாம் நாள் நூற்று முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பச்சை. ஊழியர் தன் குடியிருப்பைப் பாதிக்கிற குறைகளை மற்றக் குடிமக்களைப் போலவே பொதுவில் தெரிவிக்கலாம்; ஆனால் பணியின் காரணமாக மட்டுமே அறிந்த பதிவுகளை வெளியிடக்கூடாது.

"பணியின் காரணமாக மட்டுமே" என்று மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள் அக்கா. அங்கேதான் முடிச்சு. தண்ணீர் சரியில்லை என்று சொன்னதில் குற்றமில்லை. நாற்பத்தொன்று என்று சொன்னதுதான் கழுத்தைப் பிடிக்கிறது.

மதியம் கடைக்குப் போகிற வழியில் குழாயடியில் நின்றாள். இரும்புக் கம்பத்தில் பச்சை பெயிண்ட், அதன்மேல் பாசி. வாரியத்துக்காரர்கள் எண் போட்ட காலத்தில் எங்காவது எழுதியிருக்கமாட்டார்களா? ஈரத்துணியும் கத்தரிக்கோலின் முனையுமாகச் சுரண்ட ஆரம்பித்தாள். "என்னக்கா, குழாய்க்கும் ஆல்ட்ரேஷனா?" என்று கேட்டுக்கொண்டே போனார் மளிகைக்கடைக்காரர். அடியில், சுவர்ப் பக்கமாக, இரண்டு அடுக்குப் பெயிண்டுக்குக் கீழே வெள்ளையாக ஒரு நான்கு. பக்கத்தில் ஒரு ஒன்று.

அக்கா இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தாள். எண் தெருவிலேயே இருக்கிறது! யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்!

சாயங்காலம் மூக்கி வந்ததும் வராததுமாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"கேட்டா, கம்பத்துல பாத்தேன்னு சொல்லு பாப்பா. நூத்தி முப்பத்தேழாம் பக்கம். அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சிது."

மூக்கி குந்தி உட்கார்ந்து அந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள். "ஒன்பது வருஷமா தினம் இங்க வரேன். நான் இதைப் பாத்ததே இல்லக்கா."

"இப்ப பாத்தாச்சில்ல?"

"இப்பதானே பாத்தேன்."

"அது யாருக்குடி தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. "நான் நாலு நாளா கண்ணு அவிஞ்சி படிச்சேன். நகம் பேந்து சுரண்டினேன். நீ நல்லவளா இருக்குறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

"அவர் பேனால மாத்தி எழுதுறது பொய்யின்னுதானே நான் எந்திரிச்சேன். அதுலேருந்து தப்பிக்க நானும் ஒண்ணு மாத்திச் சொல்லணுமா?"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா துணியைப் பிழிந்து உதறிவிட்டு முன்னால் நடந்தாள். அன்றைக்கும் மறுநாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மூக்கி கையெழுத்திடாத கடிதத்தைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு, "நேர்லயே சொல்லிக்கிறேன் சார்" என்றாள்.

விசாரணை பிப்ரவரி கடைசியில், வாரியத்தின் மாடி அறையில். விசாரணை அதிகாரி வேறு துறையிலிருந்து வந்த ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஊழியர் ஒரு துணையை அழைத்து வரலாம் என்று விதி. கூட வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு மச்சான் கல்யாணம், ஒருவர் போனையே எடுக்கவில்லை. அக்கா வந்தாள். துணை பேசக்கூடாது, உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள்.

 ஆனால் அன்று காலையிலேயே, பல் துலக்கத் தெருமுனைக் குழாயைத் திறந்த அக்காவுக்கு நெடி முகத்தில் அடித்தது. பிளீச்சிங் பவுடர். கண்ணே எரிந்தது. மூக்கி வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

"கொட்டியிருக்காங்க" என்றாள்.

இன்றைக்குப் போய்ச் சோதித்தால் அந்தத் தண்ணீர் மூக்கியைத்தான் பொய்க்காரி என்று சொல்லும்.

அறையில் முதல் கேள்வியே அந்தக் கேள்விதான்.

"கூட்டத்தில் ஒரு எண் சொன்னீங்க. அது உங்களுக்கு எங்கிருந்து தெரியும்?"

அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். கம்பம் என்று சொல்லு பாப்பா. ஒரே வார்த்தை.

"ஏட்டிலிருந்து மேடம்."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதிகாரி எழுதினார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் அக்காவுக்குத் துணி கிழிகிற சத்தமாகக் கேட்டது.

"அப்ப ஊழியரா பேசினீங்களா, தெருக்காரியா பேசினீங்களா?"

மூக்கி யோசித்தாள். "கூட்டத்துக்குப் போனது தெருக்காரி மேடம். எதிர்வீட்டுல ஒருத்தர் சாகப் பொழைக்கக் கிடந்தார், நானும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். ஆனா எண்ணு வாயில வந்தது வாரியத்துக்காரியா. ரெண்டு பேரையும் தனித்தனியா பிரிச்சி உக்கார வைக்க எனக்குத் தெரியல."

"மேலதிகாரிகிட்ட முதல்ல சொன்னீங்களா?"

"மூணு தடவை."

"எழுத்துலயா?"

"இல்ல மேடம். எங்களுக்கு எழுதுறதுன்னா பென்சில்ல எழுதுறதுதான்."

அதிகாரி சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாய்ப் பேச்சு எதுக்கு மேடம்? குழாய் இங்க பக்கத்துலதான். போய்ப் பாத்துடுவோம். தண்ணி சொல்லட்டும்."

 வாரிய ஜீப்பில் நான்கு பேரும் போனார்கள். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். தபால்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூக்கி பெட்டியைத் திறந்தாள். அவசரப்படவில்லை. குழாய் வாயைத் துடைத்தாள். இரண்டு நிமிடம் ஓடவிட்டாள். குப்பியை மூன்று முறை அலசினாள். கோடு வரைக்கும் பிடித்து மாத்திரையைப் போட்டு ஆட்டினாள். போட்ட வேகத்தில் தண்ணீர் சிவந்தது. வெளிர் சிவப்புகூட இல்லை, ரோஜாச் சிவப்பு. கூட்டத்தில் யாரோ "அடடா" என்றார்கள்.

பார்வையைக் கொஞ்சம் தாழ்த்தி, தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தால் அரை அளவு குறைத்துச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. மூக்கி தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் மேடம்."

"சரியாத்தானே இருக்கு? சரிக்கும் மேலேயே இருக்கு" என்றார் அதிகாரி.

"இருக்கு மேடம்."

"பாத்தீங்களா?" என்றார் சூப்பர்வைசர். குரலில் அத்தனை நிம்மதி. அக்கா கண்களை மூடிக்கொண்டாள். டைபாய்டிலிருந்து எழுந்தவள், கணக்கில் எழுந்தவள், இந்தக் குழாயடியில் விழுந்துவிட்டாள் என்று தோன்றியது.

"எழுதிடுங்க" என்றார் அதிகாரி. "வழக்கமா எப்படிச் செய்வீங்களோ, அப்படியே."

மூக்கி ஏட்டைத் திறந்து, நாற்பத்தோராம் வரியில் பென்சிலால் 1.0 என்று எழுதி, சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடியே, "மேடம், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பத்தாது, அதான் குழப்பமே" என்று சொல்லிக்கொண்டே, ஏட்டைப் பார்க்காமல் அந்த வரியில் எழுதி, ரப்பரால் பென்சிலை அழித்து, ஊதிவிட்டு, நீட்டினார்.

அதிகாரி ஏட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுன்னு இப்பதானே சொன்னாங்க?"

"ஆமா மேடம்."

"நீங்க பூஜ்யம் புள்ளி ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே?"

சூப்பர்வைசர் ஏட்டை வாங்கிப் பார்த்தார். எட்டு மாதமாக அந்த வரியில் அவர் கை வேறெதையும் எழுதியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்குப் போகிற வண்டி மாடுபோல, கை தன் பாட்டுக்குப் போயிருந்தது.  

அதிகாரி ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். நாற்பத்தொன்று: 0.2. இன்னொரு பக்கம். 0.2. ஜனவரி, டிசம்பர், நவம்பர்.  தாள் புரள்வது மட்டும் கேட்டது.

"மற்றக் குழாயெல்லாம் ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் இறங்குது. இந்தக் குழாய்ல மட்டும் தண்ணி இருநூத்தி முப்பது நாளா அசையாம நின்னுச்சா?"

சூப்பர்வைசர் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "நாலு லெட்டர் போட்டேன் மேடம்" என்றார். "பார்ட்டு வரல. நாலு லெட்டர். காப்பி வச்சிருக்கேன்." அந்த நேரத்தில் அவரைப் பார்க்க அக்காவுக்கே ஒரு மாதிரி இருந்தது. தபால்காரர் மனைவிதான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "காய்ச்சினதுதான், குடிங்க" என்றார்.

உத்தரவு இரண்டு வாரம் கழித்து வந்தது. அக்கா அதை நான்கு முறை படித்தாள். முதல் குற்றம், அனுமதியில்லாமல் பேசியது, நிரூபிக்கப்படவில்லை; பேசியது தெருவாசியாக. மூன்றாவது, பீதி கிளப்பியது, தள்ளுபடி. இரண்டாவது நிரூபணம்: வாரிய ஏட்டில் உள்ளதைப் பொதுக்கூட்டத்தில் சொன்னது தவறு, முதலில் எழுத்தில் மேலதிகாரிக்கும், பதில் வராவிட்டால் அவருக்கு மேலேயும் தெரிவித்திருக்க வேண்டும். எழுத்துமூலக் கண்டிப்பு. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைப்பு. வேலைக்கு ஆபத்தில்லை.

"உண்மையச் சொன்னவளுக்குக் கண்டிப்பா? என்னங்கடா நியாயம் இது!" என்று அக்கா குதித்தாள். "கம்பத்துல பாத்தேன்னு சொல்லியிருந்தா அதுவும் கிடையாது. ஆறு மாசம் சுளையா போச்சி."

"ஏட்டுல பாத்துதான்க்கா சொன்னேன். அதுக்குத்தான் குட்டு. வாங்கிக்கிறேன்" என்றாள் மூக்கி. "மிச்சத்தைப் படிச்சியா?"

மிச்சம் கடைசிப் பத்தியில் இருந்தது. இயந்திரத்துக்கான உதிரிபாகம் பத்து நாளில் பொருத்தப்பட வேண்டும். ஏட்டில் பென்சில் இனிக் கூடாது. தண்ணீரைச் சோதித்தவரே அளவைப் பேனாவால் எழுதி, எண் அல்ல, தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட வேண்டும். மேலதிகாரி ஏற்காவிட்டால் பக்கத்துக் கட்டத்தில் தன் அளவைத் தனியாக எழுதலாம். அடுத்தவர் எழுதியதை அழிக்கக்கூடாது.

அக்கா புருஷன் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்க டிப்போலயும் இப்படி ஒரு ஏடு வச்சா, நீ என் வண்டில ஏறுவியா?" என்று கேட்டார்.

"முதல்ல பிரேக்க சரி பண்ணுங்க மாமா."

உத்தரவு நடைமுறைக்கு வந்த காலையில் அக்கா கடைக்கு ஒரு மணிநேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, குடத்தோடு குழாயடியில் போய் நின்றாள். தண்ணீர் பிடிக்க வந்தவள்போலத்தான் நின்றாள். மூக்கி துடைத்தாள், ஓடவிட்டாள், மூன்று முறை அலசினாள். குப்பியில் மெல்லிய சிவப்பு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சி" என்றாள். "இன்னும் பத்தல. காய்ச்சித்தான் குடிக்கணும்." அளவைப் பேனாவால் எழுதினாள். பக்கத்திலிருந்த புதுக் கட்டத்தில், அப்பா வைத்த முழுப்பெயரை, ஓர் எழுத்துக்கூட விடாமல், நிதானமாகக் கையெழுத்திட்டாள். மை காயும் வரைக்கும் ஏட்டை மூடவில்லை.

வாரியத்தின் ஏட்டில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, மார்ச் மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை.